மாடியில் மிளகாய்: விதை முதல் வற்றல் வரை

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு வகை மிளகாய் வளர்க்கிறேன். தெருவில் பலருக்கு நாற்று கொடுத்து, அவர்கள் செடி எங்கே தடுமாறுகிறது என்று அருகில் நின்று பார்த்தும் வருகிறேன். பெரும்பாலான செடிகள் கவனிப்பு இல்லாமல் வீணாவதில்லை. வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதால்தான் வீணாகின்றன. மாதத்தை யோசிக்காமல் விதைக்கிறார்கள். இலையைத் திருப்பிப் பார்க்காமல் மருந்து தெளிக்கிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

1. சமையலறையிலிருந்து தொடங்குங்கள்

விதை வாங்கும் முன் உங்கள் வீட்டில் மிளகாய் எதற்குச் செலவாகிறது என்று பாருங்கள். வகை, செடி வைக்கும் பையின் அளவு, விதைக்கும் மாதம், பறிக்கும் பருவம் எல்லாமே அதைப் பொறுத்தவை.

தினசரி தாளிப்புக்கும் சட்னிக்கும் பச்சை மிளகாய்தான் வேண்டும் என்றால் சம்பா வகை போதும். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே1, கே2, பெரியகுளத்தின் பி.கே.எம்.1 போன்ற ரகங்கள் நம் சமவெளி வெயிலுக்குப் பழகியவை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நான்கு செடி போதும்.

வற்றலுக்கு ராமநாதபுரம் குண்டு மிளகாய். உருண்டையாக, தோல் தடித்து, காய்ந்த பிறகும் பளபளப்போடு இருக்கும். ஆனால் ஆண்டு முழுவதற்குமான வற்றலை மாடியிலேயே எடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஒரு கிலோ வற்றலுக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ பழம் தேவை. தாளிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் அளவுக்கு எடுக்கலாம்.

காந்தாரி என்கிற ஊசி மிளகாய் மூன்று நான்கு ஆண்டுகள் நிற்கும் குறுஞ்செடி. ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். பஜ்ஜி மிளகாய் எளிது, காரம் குறைவு, சீக்கிரம் காய்க்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

குடைமிளகாய் குளிர் விரும்பி. சமவெளியில் மார்கழி, தை மாதங்களில் காய்க்கும்படி திட்டமிட்டால் வரும், இல்லாவிட்டால் வராது. அசாம், நாகாலாந்து பக்கத்துப் பூத் ஜோலோகியா மிளகாயின் காரம், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சம் அளவுக்குப் போகும். குடைமிளகாய்க்கு அந்த எண் பூஜ்யம். சிறு குழந்தைகள் மாடிக்கு வந்து விளையாடும் வீட்டில் பூத் ஜோலோகியாவை வைக்க வேண்டாம்.

2. மாதத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

விதைத்து நாற்பது நாளில் நாற்று பைக்கு மாறும். அதிலிருந்து இரண்டு, இரண்டரை மாதத்தில் பச்சைக் காய் வரும். பழுக்க இன்னும் ஒரு மாதம். மொத்தம் ஏறத்தாழ ஐந்து மாதம். பழம் எந்த மாதம் கைக்கு வர வேண்டுமோ அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் நாள் தெரிந்துவிடும்.

வற்றல் போட ஈரமில்லாத வெயில் வேண்டும். தை, மாசி வெயில் அதற்கு ஏற்றது. அதனால் குண்டு மிளகாயை ஆடி இறுதியில் விதைக்கிறேன். ஐப்பசி மழைக்குள் செடி வேர் பிடித்துவிடும், தையில் பழம் சிவக்கும். ராமநாதபுரத்து மானாவாரி விவசாயி புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு விதைத்துத் தையிலிருந்து பறிக்கத் தொடங்குவதும் இதே கணக்குதான். அவர் வயலிலேயே நேரடியாக விதைப்பதால் அவருக்குச் சில வாரம் மிச்சமாகிறது.

குடைமிளகாயை ஆவணி நடுவில் விதையுங்கள். பூ கார்த்திகையில் வரும், அப்போது இரவு குளிர்ந்திருக்கும்.

நான் பார்த்தவரை புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு மாசியில் விதைப்பது. நாற்று அழகாக வரும். ஆனால் பூக்கும்போது வைகாசி வெயில் தீயாக இருக்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மிளகாய் பூவை உதிர்த்துவிடும். உரக்குறை என்று நினைத்து மேலும் உரம் வைப்பார்கள். அந்த உரத்தால் பயனில்லை.

3. மண்ணை விதைத்த அன்றே கலந்து வையுங்கள்

நாற்று தயாரான பிறகு மண் தேடி ஓடுபவர்கள், கிடைத்த பச்சைச் சாணத்தைக் கலந்து நட்டுவிடுகிறார்கள். மக்காத சாணம் பைக்குள் சூடாகும், வேர் வெந்துபோகும். கலவை மூன்று வாரமாவது ஆற வேண்டும். ஆகவே விதைத்த அன்றே மண்ணையும் கலந்துவிடுங்கள்.

என் கலவை: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கலந்த மண்ணை நிழலில் வைத்து, புட்டு மாவு பதத்தில் ஈரம் தெளித்து, வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள்.

நார்க்கழிவைக் கழுவாமல் போடாதீர்கள். கட்டியாக வரும் நார்க்கழிவில் உப்பு இருக்கலாம். நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறையாவது நீர் மாற்றுங்கள். தேநீர் நிறத்தில் வரும் நீர் வெளிறும் வரை கழுவ வேண்டும். முதல் ஆண்டு நான் இதைச் செய்யவில்லை. பதினொரு செடிகளின் இலை நுனியும் கருகிப்போனது. காரணம் புரிய ஒரு மாதம் ஆனது.

பையின் அளவு: சம்பா, குண்டு, பஜ்ஜி, குடைமிளகாய்க்கு 12 அங்குல அகலமும் உயரமும். காந்தாரிக்கும் பூத் ஜோலோகியாவுக்கும் 15 அங்குலத்துக்குக் குறையாமல். ஒரு பைக்கு ஒரு செடி. இடம் இருக்கிறதே என்று இரண்டு வைத்தால் இலைகள் பின்னிக்கொண்டு காற்று நுழையாது, பூச்சி அங்கேதான் குடியேறும்.

பைகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்துளை அடைபடாது, கோடையில் தளத்தின் சூடும் வேருக்கு ஏறாது.

4. நாற்று

கடை வற்றலிலிருந்து விதை எடுக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெயிலில் காய்ந்த புது வற்றல் என்றால் முளைக்கும். ஆனால் அது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் தாயைப் போலக் காய்க்காது, பழைய இருப்பாக இருந்தால் முளைப்பே இருக்காது. ஐந்து மாத உழைப்பை அப்படிப்பட்ட விதையில் வைக்காதீர்கள். நல்ல விதைப் பொட்டலம் வாங்குங்கள், நாளைப் பார்த்து வாங்குங்கள்.

ஆறிய வடிகஞ்சி ஒரு தேக்கரண்டியில் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) பொடியைக் கரைத்து, விதையை அதில் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். நாற்றின் கழுத்து அழுகிச் சாய்வதை இது பெருமளவு தடுக்கும்.

குழித்தட்டில் கழுவிய நார்க்கழிவும் மண்புழு உரமும் பாதிப் பாதி. அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு இரண்டு விதை. ஆழமாகப் போனால் முளை மேலே வருவதற்குள் களைத்துவிடும். பூவாளியால் நனைத்து, செய்தித்தாளால் மூடி, நிழலில் வையுங்கள்.

சம்பா, குண்டு, பஜ்ஜி வகைகள் எட்டிலிருந்து பத்து நாளில் முளைக்கும். காந்தாரி இரண்டு மூன்று வாரம் எடுக்கும். பூத் ஜோலோகியா நான்கு வாரம்கூட எடுக்கும். பொறுமை இழந்து தட்டைக் கொட்டிவிட்டவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் கொட்டிவிடாதீர்கள். எந்த வரிசையில் எந்த வகை என்று அன்றே எழுதி ஒட்டுங்கள். மிளகாய் நாற்றுகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

முதல் முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிச்சம் தேடி நூலாக நீண்டுவிடும். பிறகு காலை வெயில் மட்டும் படும் இடம். இரண்டும் முளைத்த குழியில் மெலிந்ததைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

5. பைக்கு மாற்றுதல்

முதலில் வரும் இரண்டு விதையிலைகளை விட்டு, ஐந்தாறு நிஜ இலை வந்ததும் நாற்று தயார். மாற்றுவதற்கு முந்தைய வாரம் வெயில் நேரத்தை நாளுக்கு ஒரு மணி கூட்டுங்கள். நிழலில் வளர்ந்த இலை திடீரென முழு வெயிலைத் தாங்காது, வெளுத்துக் காய்ந்துவிடும்.

மாலையில் நடுங்கள். இரவு முழுவதும் வேருக்கு ஓய்வு கிடைக்கும். குழித்தட்டில் எந்த மட்டம் வரை மண் இருந்ததோ அதே மட்டம் வரை மட்டும் புதையுங்கள். தக்காளியைத் தண்டு வரை புதைப்பார்கள், அதன் தண்டு எளிதில் வேர்விடும். மிளகாய்த் தண்டை அப்படி நம்ப முடியாது, ஈரத்தில் அழுகத்தான் வாய்ப்பு அதிகம்.

ஊன்றுகோலையும் அன்றே நட்டுவிடுங்கள். செடி சாயும்போது குச்சி குத்தினால் அது வளர்ந்த வேரைக் கிழித்துக்கொண்டு போகும். மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல் எதையாவது இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு.

6. நீரும் உரமும்

நீர் விடுவதற்கு நேரம் வைத்துக்கொள்ளாதீர்கள், விரலை வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல் இரண்டு கணு வரை போய், நுனியில் ஈரம் தட்டாவிட்டால் நீர் விடலாம். மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமலும் இருக்கலாம். கோடையில் காலை மாலை இரு வேளையும் தேவைப்படலாம்.

நண்பகலில் இலை தொங்குவதைக் கண்டு பதறி நீர் ஊற்றுவது பெரிய பிழை. மண்ணில் ஈரம் இருந்தும் இலை தொங்கினால் அது வெயிலின் விளைவு, மாலையில் நிமிர்ந்துவிடும். மறுநாள் விடியலிலும் தொங்கியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். அங்கே மேலும் நீர் ஊற்றினால் செடி முடிந்தது.

கலவையில் தொழு உரம் இருப்பதால் முதல் மூன்று வாரம் எதுவும் வேண்டாம். பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். மூன்று நாள் ஊறிய கடலைப் பிண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு நீர் சேர்த்து மாதம் ஒரு முறை ஊற்றலாம். பூ கண்டதும் அதை நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் செடி கரும்பச்சையாகப் பொங்கி நிற்கும், பூ மட்டும் வராது. விறகு அடுப்புச் சாம்பல் மாதம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள், மண்ணின் காரத்தன்மை ஏறிவிடும்.

குடைமிளகாயில் முதல் கவட்டையில் வரும் முதல் பூவைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் அதை விட்டால் சிறு செடி தன் பலத்தையெல்லாம் ஒரே காயில் செலவிட்டு வளராமல் நின்றுவிடும்.

7. இலை சுருண்டால்: தெளிப்பானைத் தொடும் முன்

மிளகாய் வளர்ப்பவர் எல்லாரும் ஒருநாள் இதைச் சந்திப்பார்கள். குருத்து இலை சுருளும், செடி முடங்கும். எல்லாவற்றையும் சுருட்டை நோய் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். காரணம் மூன்று, மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. எனவே முதலில் பார்க்க வேண்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு நான் வாங்கியவற்றில் அதிகம் பயன்பட்டது அதுதான்.

இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடங்கி, இலை ஓடம்போல் இருந்தால் அது இலைப்பேன். அடிப்புறத்தில் வெள்ளிப்பூச்சு போன்ற கீறல்கள் தெரியும். பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் கமா அளவில் சிறு பூச்சிகள் ஓடும். 2021-ல் ஆந்திரம், தெலங்கானா மிளகாய் வயல்களைச் சூறையாடிய கருநிற இலைப்பேன் பூவுக்குள்தான் கூட்டமாக இருக்கும். அதனால் இலையை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்த ஓடம்போல் இருந்தால் அது மஞ்சள் சிலந்தி என்கிற நுண்ணிய சாறுண்ணி. குருத்து இலை குறுகி, காம்பு மட்டும் நீளும். வெறுங்கண்ணுக்கு இது தெரியாது, பூதக்கண்ணாடியில் இலையின் அடிப்புறம் பார்த்தால் நகரும் புள்ளிகள் தெரியும்.

இலை சிறுத்து, நரம்பு தடித்து, மஞ்சள் படர்ந்து, கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாகிவிட்டால் அது வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவந்து சேர்த்தது. இதற்கு மருந்தே இல்லை. செடியைப் பிடுங்கி, மாடியிலிருந்து அகற்றிவிடுங்கள். ஐந்து மாதம் வளர்த்ததைப் பிடுங்க மனம் வராமல் என் பக்கத்து வீட்டு அக்கா ஒரு செடியை விட்டுவைத்தார். அடுத்த பௌர்ணமிக்குள் அவருடைய ஒன்பது செடிகளும் அப்படியே ஆகிவிட்டன.

இலைப்பேனுக்கு: காலையில் இலையின் அடிப்புறத்தில் குழாய் நீரை வேகமாக அடியுங்கள், பாதி அதிலேயே போய்விடும். மாலையில் ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், அது நீரோடு கலக்க இரண்டு மூன்று மில்லி காதி சோப்புக் கரைசல். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். முட்டையிலிருந்து புதிதாக வருபவற்றை ஒரே தெளிப்பால் தடுக்க முடியாது என்பதால்தான் மூன்று வாரம். நீல ஒட்டுப்பொறி இலைப்பேனை இழுக்கும், மஞ்சள் ஒட்டுப்பொறி வெள்ளை ஈயை இழுக்கும். இரண்டையும் தொங்கவிடுங்கள்.

மஞ்சள் சிலந்திக்கு: நனையும் கந்தகம் (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகப் பொடி), லிட்டருக்கு மூன்று கிராமுக்கு மிகாமல், வெயில் தணிந்த பிறகு. வேப்ப எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். கடும் கோடையில் கந்தகமே வேண்டாம்.

மருந்து விழ வேண்டிய இடம் இலையின் அடிப்புறம். தெளிப்பானின் மூக்கை மேல்நோக்கித் திருப்பிக் கீழிருந்து அடியுங்கள். மேலிருந்து மழைபோல் தெளித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். முன்பே சுருண்ட இலை நேராகாது. அடுத்து வரும் குருத்து நேராக வருகிறதா என்று பாருங்கள்.

8. பூ உதிர்ந்தால்

முதலில் வெயில். சித்திரை, வைகாசியில் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்கள். அடுத்து நீர், ஒருநாள் வறண்டு மறுநாள் வெள்ளமாக இருந்தால் பூ நிற்காது. பிறகு தழைச்சத்து. அதற்கும் பிறகு பூவுக்குள் இலைப்பேன். இந்த வரிசையில் சரிபார்த்த பிறகே தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்தது) பக்கம் போங்கள்.

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். காற்று வராத மூலையில் இருந்தால் காலை வேளையில் கிளையை இலேசாகத் தட்டிவிடுங்கள்.

குடைமிளகாயின் அடிப்பக்கம் பழுப்பாகக் குழிந்து தோல்போல் ஆவது நோயல்ல, காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும், ஒழுங்கில்லாத நீர்ப் பாய்ச்சலால் அது காய் வரை ஏறுவதில்லை. நீரைச் சீராக்குங்கள்.

9. பறித்தல்

இழுத்துப் பறிக்காதீர்கள். மிளகாய்க் கிளை கவட்டையில் எளிதாகப் பிளக்கும், ஒரு காய்க்காக ஒரு கிளை போகும். கத்தரியால் காம்போடு வெட்டுங்கள். காம்பு போன காய் அந்த இடத்திலிருந்துதான் அழுகத் தொடங்கும்.

பச்சைக்கு: காய் முழு நீளம் வந்து, அழுத்தினால் விறைப்பாக, தோல் பளபளப்பாக இருக்கும்போது. ஐந்து நாளுக்கு ஒரு முறை தவறாமல் பறியுங்கள். செடியில் காய் முற்றிப் பழுக்க விட்டால் புதிய பூ குறையும். பச்சைக்கென வைத்த செடியில் ஒரு பழத்தைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

வற்றலுக்கு: காம்படி வரை முழுதும் சிவந்த பிறகு. பாதி பழுத்த செங்காயாகப் பறித்தால் வற்றல் வெளுத்துப்போகும். மழை வரும்போல் இருந்து செங்காயைப் பறிக்க நேர்ந்தால், நிழலில் இரண்டு மூன்று நாள் பரப்பி நிறம் ஏறவிட்டுப் பிறகு காயவையுங்கள்.

பஜ்ஜி மிளகாயை வெளிர்பச்சையிலேயே எடுத்துவிடுங்கள். மோர் மிளகாய்க்குச் சதைப்பற்றுள்ள குண்டுக் காயைப் பச்சையாக எடுங்கள். குடைமிளகாயைப் பச்சையாகவும் எடுக்கலாம். சிவப்போ மஞ்சளோ வேண்டுமானால் இன்னும் மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், அதுவரை செடி புதிதாக அதிகம் காய்க்காது. காந்தாரி வானம் பார்த்து நிற்கும், பழுத்ததும் தொட்டாலே கழன்று வரும். பறவைகள் நமக்கு முன்பே வந்துவிடும். காரம் அவற்றை உறுத்தாது.

பூத் ஜோலோகியாவையும் காந்தாரியையும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். காரம் கூடியிருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில். அந்தக் காரம் நீரில் கரையாது. கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

10. வற்றல்

பழத்தைத் துடைத்து, வட்டமான குழிப்புள்ளி உள்ளவற்றை ஒதுக்குங்கள். அது பழ அழுகல் பூஞ்சை, ஒன்று இருந்தால் பக்கத்திலுள்ளதற்கும் பரவும். சுத்தமான பாயிலோ துணியிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். வெறும் தரையில் போட்டால் அடிப்புறம் வியர்த்துப் புழுங்கும்.

தினம் இரண்டு முறை புரட்டி, மாலை சூரியன் சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். தை மாதப் பனி ஓர் இரவில் மூன்று நாள் காயவைத்ததை வீணாக்கிவிடும். குண்டு மிளகாய்க்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். காதருகே குலுக்கினால் விதை கலகலவென ஒலிக்க வேண்டும், காம்பு ஒடிய வேண்டும். காற்றுப்புகாத டப்பாவில் போட்ட மூன்றாம் நாள் திறந்து பாருங்கள். மூடியின் உட்புறம் ஈரம் தட்டினால் மீண்டும் வெயிலில் போடுங்கள். பூசணம் பிடித்த வற்றலைத் துடைத்துப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள், அதில் நஞ்சு இருக்கலாம்.

11. அடுத்த ஆண்டுக்கு

காரமான செடியின் பக்கத்தில் வைத்ததால் குடைமிளகாய் காரமாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். இந்த ஆண்டுக் காய் மாறாது. அதன் விதையிலிருந்து அடுத்த ஆண்டு வரும் செடிதான் மாறும், தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். விதைக்கு வைக்கும் கிளையில் மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்து, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நோயற்ற செடியில் முழுக்கப் பழுத்த பழத்திலிருந்து விதை எடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, பெயரும் நாளும் எழுதிய காகித உறையில் இடுங்கள்.

சம்பா, குண்டு செடிகளைப் பங்குனி முடிந்ததும் எடுத்துவிட்டு, அந்த மண்ணில் அடுத்து மிளகாயோ தக்காளியோ கத்தரியோ வைக்காமல் கீரை போடுங்கள். மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் வேர்நோய் மற்றதையும் பிடிக்கும்.

காந்தாரியை மட்டும் எடுக்க வேண்டாம். கோடையில் நிழல்வலைக்குள் நகர்த்தி, உரம் எதுவும் வைக்காமல் நீர் மட்டும் காட்டி வாருங்கள். ஆடிக் காற்று தணிந்து முதல் மழை விழுந்த வாரத்தில் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, கணுவுக்கு ஒரு விரல் மேலே சாய்வாக வெட்டி, மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய மண்புழு உரம் நிரப்புங்கள். பத்து நாளில் வெட்டிய கணுக்களில் துளிர் தெரியும். துளிர் விரிந்த அன்றே பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள், மஞ்சள் சிலந்தி முதலில் வருவது அந்த இளம் இலைக்குத்தான்.